சுமைதாங்கியும் சைக்கிளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தபோது, எப்பொருளைப் பற்றிப் பேசுவது என்று சில நாள் மயங்கினேன். சமய உண்மைகளை எடுத்துரைக்க வல்ல அறிஞர் பலர் இம்மேடையிலே வீற்றிருக்கின்றனர். பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடிக்காத சிறியேன் அவர்கள் முன்னிலையில் சித்தாந்தம் பேசுவது, கொல்லன் தெருவிலே ஊசி விற்கப் புகுந்த கதையாகும். ஆகவே நான் நன்கறிந்த ஒன்றைப் பற்றியே பேசத் துணிந்தேன். அது சைக்கிள். அரசாங்கப் பத்திரங்களிலே 'துவிச்சக்கர வண்டி' என்று கம்பீரமாக எழுதப்படுவதும், நம் வீட்டு விறாந்தையிலே மழைக்கு ஒதுங்கி நிற்பதுமாகிய அதே சைக்கிள்தான்.

விடுமுறை நாட்களிலே நாங்கள் நண்பர் நால்வர் சைக்கிளில் ஏறிக் கரையோர ஊர்களைப் பார்த்துவரப் புறப்படுவதுண்டு. புறப்படும்போதெல்லாம் வீட்டுப் பெரியோர் சொல்லும் வார்த்தை ஒன்றே: "படிக்கிற பிள்ளையளுக்கு ஊர்சுற்ற எங்கை நேரம்?" இவ்வினாவை நான் குறைவாக மதிக்கவில்லை. அதற்கு விடை சொல்லவே இங்கு வந்திருக்கிறேன். விடையின் முடிவிலே ஒரு விண்ணப்பமும் உண்டு.

இன்று நாம் ஓடும் வடிவிலான சைக்கிளை இங்கிலாந்திலே ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் 1885ஆம் ஆண்டில் அமைத்தார். 1888இல் டன்லொப் என்பவர் காற்றடைத்த ரயரை அதற்கு வழங்கினார். மேல்நாட்டார் அதனை உல்லாசத்துக்கும் தொழிலுக்கும் பயன்படுத்தினர். ஆயின் யாழ்ப்பாணத்தார் அதனை உயிர் காக்கவும் பயன்படுத்தினர் என்பதைப் பெரியோர்களாகிய நீங்கள் எங்களிலும் நன்கறிவீர்கள். 1990ஆம் ஆண்டு தொடங்கி எரிபொருள் வராத காலத்திலே விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றன. மின்சாரம் இல்லாத இரவுகளிலே சக்கரத்தைச் சுற்றி டைனமோவினால் வானொலி கேட்டீர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்தவற்றைக் கரியரிலும் ஹாண்டிலிலும் கட்டித் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தீர்கள். அப்போது நாங்கள் பிறக்கவுமில்லை. 2022ஆம் ஆண்டிலே பெற்றோல் வரிசை நாட்கணக்காக நீண்டபோது, விறாந்தை மூலையிலே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் எண்ணெய் கண்டதை மாத்திரம் நாங்கள் எங்கள் கண்ணாற் கண்டோம்.

ஆதலால், நீங்கள் துன்பத்திலே மிதித்த வண்டியை நாங்கள் இன்பத்துக்காக மிதிக்கும்போது உங்கள் மனம் சற்றே சுருங்குவது இயல்பு. அதனை உணர்ந்துகொண்டே மேலே பேசுகிறேன்.

சைக்கிளில் உலாவுவதற்கென்றே இறைவன் படைத்த நிலம் எதுவென்று கேட்டால், நமது குடாநாடு என்று தயங்காமற் சொல்வேன். சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த இந்நிலத்திலே ஏறி இறங்க ஒரு குன்று இல்லை. கீரிமலை என்று பெயர் வைத்துக்கொண்ட ஊருக்குப் போனாலும் அங்கு மலையைக் காணோம். கேணியும் கடலுமே உள்ளன. ஆயினும் மேடில்லாத நாட்டிலே முயற்சி வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் நாட்டில் காற்றே மலை. வைகாசி தொடக்கம் சோளகம் வீசும் மாதங்களிலே யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சி நோக்கிப் போகிறவனைக் காற்றுத் தாய்போல முதுகில் தாங்கிச் செல்லும். திரும்பி வரும்போது வல்லை வெளியிலே அதே காற்று மாமியார்போல எதிரே நிற்கும்.

ஈராண்டுகளுக்கு முன், ஆடிப்பிறப்புக் கூழ் குடித்த சில நாட்களின் பின், விடியற்காலை ஐந்து மணிக்கு நல்லூரிலிருந்து புறப்பட்டோம். ஒரு பம், ரியூப் ஒட்டும் சாமான்கள், தண்ணீர்ப் போத்தல், மாற்றுடை ஒன்று: இவையே எங்கள் மூட்டை. ஒருவரை ஒருவர் முந்துவதில்லை என்பது எங்கள் சட்டம். பருத்தித்துறைக்கு நேர்வழி பழைய கணக்கில் 21 மைல். மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நாங்கள் இரண்டு நாள் எடுத்தோம்.

மெதுவாகப் போகிறவனுக்கு வழி தன்னை ஒளிப்பதில்லை. கோப்பாய், நீர்வேலித் தோட்டங்களிலே வாழைக்கு நீர் பாயும் ஒலியைக் கேட்டோம். வெங்காயம் கிண்டிய மண்ணின் மணம் எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறது என்று அறிந்தோம். யாவற்றிலும் மேலாக, வழியில் நிற்பவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல எங்களுக்கு நேரமிருந்தது. "எங்கை தம்பியவை, எங்கையிருந்து வாறியள்?" என்னும் கேள்வி பேருந்திலே போகிறவனை எட்டுவதில்லை, மோட்டார் சைக்கிளிலே போகிறவன் அதற்கு விடை சொல்லத் தொடங்குமுன் அடுத்த சந்தியைக் கடந்துவிடுவான். சைக்கிளில் வருகிறவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்று, கேட்டவரின் பெயரையும் ஊர்க்கதையையும் பெற்றுக்கொண்டே போகிறான்.

அன்றிரவு தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் சந்நிதானத்திலே தங்கினோம். பூசகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் அக்கோயிலை அன்னதானக் கந்தன் கோயில் என்று ஊரவர் போற்றுவர். பசித்து வந்த எங்களிடம் எந்த ஊர், என்ன படிப்பு என்று எவரும் கேட்கவில்லை. முதலில் இலையைப் போட்டார்கள். கதிர்காமப் பாதயாத்திரை இங்கிருந்தே ஆண்டுதோறும் புறப்பட்டு, கீழைக்கரை வழியாகத் தெற்கே செல்கிறது என்பதை அன்று அம்மடத்து முதியவர் ஒருவர் விளக்கினார். "நடக்கிறவனுக்குத்தான் தம்பி வழியெல்லாம் கோயில்" என்று அவர் கூறினார். ஊர்சுற்றல் என்று நாம் இகழும் காரியத்துக்கு நம் முன்னோர் யாத்திரை என்று பெயரிட்டிருந்தனர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாட் காலை கரைவீதியிலே ஏறினோம். தொண்டைமானாற்றிலிருந்து பருத்தித்துறை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரந்தான். இடக்கைப் பக்கம் கடல். சற்று உள்ளே முருகைக்கற் பாரிலே அலை முறிந்து, கரைக்கு வரும்போது குளத்து நீர்போல அடங்கிவிடுகிறது. வலைகள் உலர்கின்றன, வள்ளங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. வல்வெட்டித்துறையை அடைந்தபோது, இவ்வூர்க் கரையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை நினைந்தோம். அதனை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்ற, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 1938ஆம் ஆண்டிலே அது மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பாயும் காற்றுமே அதன் பெரும் பலம். மெதுவாகப் போகிறவன் தூரம் போகமாட்டான் என்று எவர் சொன்னார்?

வல்வெட்டித்துறையைக் கடந்த பின் வெயில் ஏறவே, கரைவீதியை விட்டு உட்புறத்து ஒழுங்கை ஒன்றிலே திரும்பினோம். ஒழுங்கை முகப்பிலே ஒரு வேப்பமரம். அதன் நிழலிலே, எங்கள் தோளுயரத்துக்கு இரு தூண்கள் நிற்க, அவற்றின் மேலே குறுக்காக ஒரு நீண்ட கல் கிடந்தது. களைத்துப்போன நாங்கள் யோசியாமல் நான்கு சைக்கிள்களையும் அதிலே சாத்திவிட்டு நிலத்தில் அமர்ந்தோம். எதிர்வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஆச்சி ஒருவர் செம்பிலே தண்ணீருடன் வந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆச்சி, உது என்ன கல்?" என்று கேட்டேன். "உது தெரியாதோ? சுமைதாங்கி. எங்கட அம்மம்மாவின்ரை தங்கச்சிக்குக் கட்டினது" என்றார். பிள்ளையைச் சுமந்தபடியே அந்தப் பெண் இறந்துபோனாள் என்றும், அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர் இறக்கி வைத்தாலாவது அவள் ஆன்மா ஆறும் என்று பெற்றவர்கள் அதனை நாட்டினார்கள் என்றும் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

நாங்கள் நால்வரும் பதைத்து எழுந்து சைக்கிள்களை எடுக்கப் போனோம். ஆச்சி தடுத்தார். "ஏன் பிள்ளையள் எடுக்கிறியள்? பாரம் இறக்கத்தானே கட்டினது. சாத்துங்கோ, அவ சந்தோசப்படுவா."

பெரியோர்களே, நான் கல்வி கற்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. அங்கே ஜோன் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலைப் படித்தோம். 'மோட்சப் பிரயாணம்' என்று தமிழிலும் வழங்கும் அந்நூலிலே, முதுகிற் பெருஞ்சுமையோடு புறப்படும் யாத்திரிகன் சிலுவையின் அருகே வந்ததும் அச்சுமை கழன்று உருண்டு விழுகின்றது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆயின், என் வீட்டிலிருந்து அரைநாட் சைக்கிள் தூரத்திலே, முன்பின் அறியாதவன் சுமையிறக்குவதற்கென்றே கல் நாட்டிய தாய்தந்தையர் வாழ்ந்தார்கள் என்பதை நான் அறியேன். இது பாடசாலையின் குற்றமன்று. பாடசாலை எனக்குப் புத்தகத்தை வாசிக்கக் கற்பித்தது. வீதியை வாசியாமல் இருந்தது என் குற்றமே.

அன்று முதல் எங்கள் கண் திறந்தது. வழியெல்லாம் தேடினோம். சுமைதாங்கி தனியே நிற்பதில்லை என்று கண்டோம். தலைச்சுமையோடு தனித்து வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் சுமைதாங்கி, மாடு உடலைத் தேய்த்துத் தினவு தீர்க்க ஆவுரஞ்சிக்கல், அது நீர் அருந்தக் கற்றொட்டி, மனிதர் நீர் மொள்ளக் கிணறு அல்லது கேணி, படுத்தெழ மடம், எல்லாவற்றுக்கும் நிழலாக ஆலோ அரசோ வேம்போ. பருத்தித்துறையிலே தெருமூடிமடம் என்று ஒன்று உண்டு. அதைக் கட்டியவர்கள் மடத்தை வீதியோரத்திலே கட்டவில்லை. வீதியே மடத்துக்கு நடுவாகச் செல்லும்படி, வீதிக்கு மேலே கூரையிட்டுக் கட்டினார்கள். இரு பக்கத்துத் திண்ணைகளிலும் அமர்ந்து, ஊருக்குப் பேர்போன தட்டைவடையைக் கடித்துக்கொண்டு நாங்கள் சிந்தித்தது இதுதான்: வாயுள்ள மனிதனுக்கும் வாயில்லா மாட்டுக்கும் ஒருங்கே இடஞ்செய்த இந்த அறமெல்லாம் மெதுவாகப் போகிறவனுக்காகவே செய்யப்பட்டது. விரைந்து போகிறவனுக்கு இவை வேண்டியதில்லை. வேண்டாத காரணத்தால் அவன் கண்ணுக்கு இவை படுவதுமில்லை. கண்ணிற் படாத பொருள் ஒருநாள் இல்லாமற் போனாலும் அவன் அறியான்.

அதன்பின் வல்லிபுரத்து ஆழ்வாரை வணங்கி, மணற்காட்டுக்குப் போனோம். அங்கே மணல் குன்றுகுன்றாகக் குவிந்து கிடக்கிறது. பழைய தேவாலயம் ஒன்று மணலிலே பாதி புதைந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற கரை இது. அந்த மணலிலே சைக்கிள் ஓடாது. அதுவரை எங்களைச் சுமந்த வண்டியை நாங்கள் தோளிற் சுமந்தோம். சுமைதாங்கியின் அருமை அப்போது தோளுக்கும் விளங்கிற்று.

திரும்பும் வழியிலே, வல்லை வெளியின் எதிர்காற்றில், நண்பர் ஒருவரின் செயின் அறுந்தது. நால்வரும் இறங்கி நடந்தோம். மாலையிலே புத்தூர் நிலாவரைக் கிணற்றடியில் இளைப்பாறினோம். அக்கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் உள்ளன. நமது குடாநாட்டு நிலத்தடி நீர் முழுவதுக்கும் இயல்பு அதுவே. மழை தந்த நன்னீர், கனத்த உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் ஆயுள் முழுவதும் இனிக்கும். இயந்திரம் வைத்து வேகமாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். துலா மிதித்தவர்கள் இதனை நூலிற் படியாமலே அறிந்திருந்தார்கள். வேகத்துக்கும் ஓர் அளவுண்டு என்பதைச் சொல்ல இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

இனி, நான் சொல்லவந்த காரியத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆடியிலே அதே வழியிலே மீண்டும் போனோம். ஆச்சிக்கென்று ஒரு பொதி கற்கண்டும் கொண்டுபோனோம். ஒழுங்கை முகப்புக்கு வந்தபோது இடம் தவறிவிட்டோமோ என்று மயங்கினேன். வேப்பமரம் இல்லை. வீதி அகலமாகிப் பளபளவென்று கிடந்தது. சுமைதாங்கியின் தூண்களில் ஒன்று உடைந்து, மற்றதும் மேற்கல்லும் வாய்க்காலுக்குள்ளே சரிந்து கிடந்தன. ஊரின் பெயரையோ வீதி போட்டவரின் பெயரையோ நான் சொல்லப் போவதில்லை. வீதி வேண்டும்; நோயாளியை ஏற்றிய வண்டி விரைவாகப் போகவேண்டும். கல்லைத் தள்ளிய இயந்திரகாரர், அது ஒரு தாயின் பெயராலே நின்றது என்று அறிந்திருந்தால் நாலு முழம் தள்ளி நிமிர்த்திவிட்டுப் போயிருப்பார் என்றே நம்புகிறேன். அறிவிக்க ஆளில்லை. அறிந்தவர் ஆச்சி ஒருவர்தான். எதிர்ப்பட்ட இயந்திரத்துக்கு முன் அவர் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

ஆச்சி படலையடியிலேதான் இருந்தார். எங்களை அடையாளம் கண்டு, வழக்கம்போலச் செம்பை நீட்டினார். குறையொன்றும் சொல்லவில்லை. சைக்கிளைச் சாத்த இடமில்லாமல் நாங்கள் கையிலே பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "உங்கட சங்கத்திலை சொல்லி ஆராலும் நிமித்திவிட்டால் புண்ணியமாய்ப் போம், தம்பி" என்று மாத்திரம் சொன்னார்.

நாங்கள் நால்வரும் "ஓம்" என்றோம்.

யாழ்ப்பாணத்தார் சம்மதம் சொல்லும் சொல்லும், சைவர் மந்திரத்தின் முதலெழுத்தும் ஒன்றேயாதல் தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அச்சொல்லைச் சொல்லிவிட்டுச் செய்யாதிருப்பவனுக்கு அது இரட்டைப் பாரம். ஓராண்டாக அந்த ஓம் என் முதுகில் இருக்கிறது. அதனை இறக்கி வைக்கவே இம்மேடைக்கு வந்தேன்.

எனவே என் விண்ணப்பம் மூன்று. முதலாவது, அந்தச் சுமைதாங்கியை எங்கள் சங்கம் நிமிர்த்த வேண்டும். பிரதேச சபையாரிடம் முறைப்படி அனுமதி பெற்று, ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கொண்டு, அதே கல்லையே வீதிக்குத் தடையில்லாத இடத்திலே நாட்டுவோம். பளிங்குப் பலகையும் வர்ணமும் வேண்டாம். எங்கள் பெயரும் வேண்டாம். பக்கத்திலே ஒரு வேப்பங்கன்று போதும்.

இரண்டாவது, இளைஞர்களே, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் புறப்படுவோம். நமது சகோதரிகளும் பாடசாலைக்கும் வேலைக்கும் சைக்கிளிலே போய்வருகிறவர்கள்தாமே, அவர்களும் சேரட்டும். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு திசை. கையிலே ஒரு கொப்பி. சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், கேணி, மடம் எங்கெங்கே இருக்கின்றன, யார் பெயராலே எழுந்தன, இப்போது என்ன நிலை என்று எழுதி வருவோம். எழுதியதன் பிரதியை அவ்வவ்வூர்ப் பிரதேச சபைக்குக் கொடுப்போம். அடுத்த முறை இயந்திரம் வரும்போது ஆச்சி தனியே நிற்கவேண்டாம்.

மூன்றாவது விண்ணப்பம் பெரியோர்களாகிய உங்களிடம். நாங்கள் படலையிலே வந்து மணியடித்து, "உது என்ன கல்?" என்று கேட்டால், "படிக்கிற பிள்ளையளுக்கு இது எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கல் பேசாது, நீங்கள் பேசினாலே நாங்கள் எழுதலாம். நீங்கள் சைக்கிளிலே கட்டித் தள்ளிய சுமைகளின் கதையையும் கூடவே சொல்லுங்கள். இறக்கி வைக்க இடமின்றி நீங்கள் சுமந்தவை இன்னும் எவ்வளவோ உண்டென்று அறிவோம். கேட்கிற செவி நாங்கள் ஆவோம்.

ஊர்சுற்ற எங்கே நேரம் என்று கேட்டீர்கள். ஊரை ஒருமுறையாவது மெதுவாகச் சுற்றி வராதவன், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எவ்வாறு அறிவான்? இதுவே என் விடை.

 சந்நிதி வேலவன் திருவருளால், வருகிற ஆடியிலே அந்த ஒழுங்கை முகப்பில் எங்கள் சைக்கிள்களைச் சாத்த ஒரு கல் நிமிர்ந்து நிற்பதாக.